உறைமேல் எழுதிய தியாகராசன் சம்சாரம்

உயிரோடு நடமாடுகிற மனுஷியின் படத்துக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, முன்னால் விளக்கும் ஏற்றி வைத்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? திருமலைராயன்பட்டினத்து அஞ்சுகத்துக்கு அது 1989ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் தெரிந்தது. தெரிந்த சூட்டோடு பஸ் ஏறிக் காரைக்காலுக்கு வந்தாள். மாதா கோயில் தெரு அற்புதராஜ் போட்டோ ஸ்டுடியோ வாசலில் நின்று அவள் போட்ட கூச்சலில், எதிர்க்கடை சைக்கிள்காரர் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்த ட்யூபைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

“எவ இங்க கவர்ல பேரு எழுதுறவ? உசுரோட இருக்கிறவள செத்தவளாக்குன மகராசி எவ? வெளியில வரச் சொல்லு!”

அவளுக்குப் பின்னால் ஓர் இளம்பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கையில் ஒரு கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் இருந்த முகம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த அதே அஞ்சுகம்தான், வயதில் இருபது குறைவாக. மேல் விளிம்பில் அன்று காலை சாத்திய கனகாம்பரம் இன்னும் வாடவில்லை.

கவரில் பேர் எழுதுகிறவள் சகாயம்மாள். ஸ்டுடியோக்காரர் அற்புதராஜின் மனைவி. பார்த்தீர்களா, அவளைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தால் நமக்கும் ‘இன்னார் மனைவி’ என்றுதான் வாயில் வருகிறது. இந்தக் கதையில் நடந்த கேடு முழுக்க அந்த வழக்கத்தால் வந்ததுதான்.

கோட்டுச்சேரியில் பிறந்து, கன்னியாஸ்திரிகள் பள்ளியில் எட்டாவது வரை படித்து, அறுபத்தெட்டில் கல்யாணமாகி ஸ்டுடியோவுக்குள் வந்தவள் சகாயம்மாள். வந்த புதிதில் இருட்டறைக்குள் போகவே பயப்படுவாள். ஆறு மாதம் போனதும் அந்த அறையிலிருந்து அவளை வெளியே இழுப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. நெகட்டிவில் பென்சில் பிடிக்கப் புருஷன் கற்றுக்கொடுத்தார். நெகட்டிவின்மேல் பிசின் கலந்த டர்பன்டைனைப் பஞ்சால் லேசாகத் தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். முகத்தில் இருக்கிற தழும்பு நெகட்டிவில் வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அதைப் பென்சிலால் நிரப்பிவிட்டால் பிரிண்டில் கன்னம் வழுவழு என்று வந்துவிடும். பரு, மரு, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கருவளையம், எது வந்தாலும் அவள் பென்சிலுக்கு முன்னால் நிற்காது. ‘அற்புதராஜ் கடையில் படம் எடுத்தால் காக்கையும் புறாவாகிவிடும்’ என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலி பேசினவர்களும் பெண் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கு அங்கேதான் வருவார்கள்.

படம் கொடுத்த பிறகு நெகட்டிவை ஒரு காகித உறையில் போட்டு, மேலே தலைப்பு எழுதித் தகரப் பெட்டியில் அடுக்குவதும் அவள் வேலைதான். எழுத்து குண்டு குண்டாக அழகாக இருக்கும். ‘சுப்ராயன், தலத்தெரு, பாஸ்போர்ட்’, ‘நடராசன், நிரவி, கடை திறப்பு’. ஆண்பிள்ளை என்றால் பேர், ஊர், காரியம் மூன்றும் இருக்கும். பொம்பளைக்கு ஒரே அச்சு: இன்னார் சம்சாரம். அவ்வளவுதான்.

இதில் அவளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூட வருகிற புருஷன்மார்கள் கவுண்டரில் நின்று, “என் சம்சாரம்னு போட்டுக்கங்க” என்பார்கள். பெண்டாட்டி பேரைக் கடையில் சொன்னால் நாக்கு வெந்துவிடும் என்ற மாதிரி ஒரு கூச்சம். பொம்பளை தனியாக வந்தாலோ இன்னும் மோசம். புருஷன் பேரை அவள் வாயால் சொல்ல மாட்டாள். “திருவாரூர் சாமி பேருங்க” என்று தலையைக் குனிந்துகொள்வாள். சகாயம்மாள் சிரித்துக்கொண்டே ‘தியாகராசன் சம்சாரம்’ என்று எழுதுவாள். எதிரே உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து ‘உன் பேர் என்ன’ என்று கேட்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறவர்கள் வீட்டுப் பெண்கள் மட்டும், “எம் பேர எழுதும்மா, அங்க உள்ளவன் சம்சாரம்னா ஒத்துக்க மாட்டான்” என்று அடம்பிடித்து எழுதி வாங்கிப் போவார்கள். ‘வெள்ளைக்காரன் கோணங்கித்தனம்’ என்று சகாயம்மாள் அதையும் சிரித்து விட்டுவிட்டாள்.

எழுபத்தேழு புயலில் ஸ்டுடியோக் கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று. நம்பர் போட்ட பில் புத்தகங்கள் அத்தனையும் கூழாகிவிட்டன. தகரப் பெட்டிகளின் மூடி இறுக்கமாக இருந்ததால் உறைகள் மட்டும் பிழைத்தன. புயல் பல வீடுகளில் சுவரோடு படத்தையும் கொண்டுபோயிருந்தது. மாசக்கணக்கில் ஜனங்கள் வந்து, “எங்கப்பா படம் இருக்குமாம்மா?” என்று அழுதார்கள். சகாயம்மாள் தலைப்பைப் பார்த்து உறையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். ‘போனதைத் திருப்பித் தருகிறவள்’ என்று பேர் வந்தது. கொஞ்சம் தலைக்கனமும் வந்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது. ஆண்பிள்ளை படங்கள்தான் அப்படி உடனே கிடைத்தன என்பதை அவளும் கவனிக்கவில்லை, வாங்கிப் போனவர்களும் கவனிக்கவில்லை.

எண்பத்தெட்டில் தை பிறந்து கொஞ்ச நாளில் அல்லி வந்தாள். அதாவது, சட்டத்தோடு நின்ற அந்த இளம்பெண். அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

“அக்கா, எங்கம்மாவ இங்க ஒரு படம் எடுத்தாங்களாம். எங்க வீட்டுல ஒரு படமும் இல்லீங்க. நான் கைப்புள்ளையா இருக்கையிலேயே அம்மா காய்ச்சல்ல போயிட்டாங்க. கல்யாணத்துல அம்மா படத்து முன்னால விழுந்து கும்புடணும்னு ஆசையா இருக்குங்க.”

“அப்பா இல்லையா?”

“அப்பா போன வருசம் தவறிட்டாரு. தியாகராசன்னு பேரு. அப்ப தலத்தெருவுல குடியிருந்தாங்க, அப்புறம் பேரளம் பக்கம் ரைஸ்மில் வேலைக்குப் போயிட்டாங்க. அப்பா அப்புறம் கட்டுன சின்னம்மாவுக்கு எங்கம்மாவப் பாத்த பழக்கமே இல்ல. அம்மா வழி ஆளுங்களோடயும் போக்குவரத்து இல்லாமப் போச்சு.”

“அழாத. ஒக்காரு. இந்தா எடுத்தாறேன்” என்று சகாயம்மாள் உள்ளே போனாள். த வரிசைப் பெட்டியைத் திறந்து விரலால் நாலு தள்ளு தள்ளினாள். ‘தியாகராசன் சம்சாரம்’ கைக்கு வந்துவிட்டது. பழைய உறை, பழைய மை. கைக்கு வந்ததே போதும் என்று பெட்டியை மூடினாள். அந்த உறைக்குப் பின்னாலும், அதற்குப் பின்னாலும் அதே தலைப்பில் வேறு உறைகள் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் என்ன தெரியும்? தலைமயிர் வெள்ளையாக, முகம் கறுப்பாக, எல்லாப் பொம்பளையும் ஒரே மாதிரி பேயாகத்தான் தெரிவாள். உள்ளே இருப்பது யார் என்று சொல்ல உறைமேல் இருக்கிற தலைப்பை விட்டால் வேறு நாதி கிடையாது. அது தெரிந்த தொழில்காரியே, ஊரில் எத்தனையோ பேருக்குப் பொதுவாக ஒரே தலைப்பை எழுதி வைத்திருந்தாள். திருவாரூர் பக்கத்தில் இருக்கிற சீமையில் தெருவுக்கு நாலு தியாகராசன் இருப்பான், ஒவ்வொருவனுக்கும் ஒரு சம்சாரம் இருப்பாள்.

பிரிண்டைக் கையில் வாங்கிய அல்லி அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பிறகு விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினாள்.

“அம்மாவுக்கு எடது கன்னத்துல அம்மைத் தழும்பு நெறைய இருக்கும்னு அப்பா சொல்லுவாருங்க. இதுல ஒன்னையும் காணோமே?”

சகாயம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “நான் எதுக்கு இருக்கேன்? தழும்பையெல்லாம் பென்சில வச்சுத் தொடைச்சிருப்பேன். உங்கம்மா என்ன, எந்தம்மா வந்தாலும் எங்கிட்ட தழும்போட திரும்பிப் போனதில்ல.”

“நான் எங்கம்மா மாதிரி இருக்கேனாக்கா?”

“அச்சு அசல் நீதான்” என்றாள். வியாபாரத்துக்காகச் சொன்னதல்ல, பாவம், அந்தப் பெண் முகம் மலர வேண்டும் என்றுதான் சொன்னாள்.

அல்லி அந்தப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு நிரவிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அங்கே கூடத்தில் மாட்டினாள். காலையில் பூ, சாயங்காலம் விளக்கு. மாமியார் சுடுசொல் சொன்னால் அந்தப் படத்திடம்தான் சொல்லி அழுவாள். முதல் கரு கலைந்தபோது படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாளாம்.

ஆரம்பத்தில் சொன்ன அந்த எண்பத்தொன்பது ஆவணியில்தான் அஞ்சுகம் தன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க நிரவிக்கு வந்தாள். வெயில். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு அல்லி வீட்டில் நுழைந்தாள். சொம்பை வாயருகே கொண்டுபோனவள் சுவரைப் பார்த்தாள். சொம்பு தரையில் உருண்டது. அதே படம் அவள் வீட்டுக் கூடத்திலும் தொங்குகிறது, மாலை இல்லாமல். கல்யாணமான புதிதில் புருஷன் தியாகராசன் காரைக்காலுக்குக் கூட்டிப்போய் எடுத்த படம்.

“நான் உசுரோட நிக்கிறேன்டி! எங்க வூட்டுக்காரரு வாசல்ல சைக்கிளோட நிக்கிறாரு! எம் படத்துக்கு எதுக்குடி மாலை? மக கல்யாணத்த வச்சுக்கிட்டு நான் எங்க போயி முட்டிக்குவேன்?”

இப்படி ஆரம்பித்த கூச்சல்தான் ஸ்டுடியோ வாசல் வரை வந்து நின்றது. சகாயம்மாள் வெளியே வந்தாள். சட்டத்தைப் பார்த்தாள், அஞ்சுகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே அதே குழி, அதே தாடை. மறுக்க ஒரு வழியும் இல்லை. கடைசியில், “உள்ள வாங்கக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“உள்ள வந்து? எனக்குக் கருமாதியும் பண்ணிடுவியா? அதான் ஒரு வருசமா எனக்கு இடுப்பு புடிச்சுக்கிட்டுக் கெடக்கு. வெளக்கேத்தி வெளக்கேத்தியே என்னைய அனுப்பப் பாத்திருக்காளுவ!”

அற்புதராஜ் குறுக்கே வந்து, “தப்பு நடந்துபோச்சுங்க. வேற படம் எடுத்துக் குடுத்துர்றோம்” என்றார். யாருக்கு வேறு படம், செத்தவளுக்கா என்று சகாயம்மாள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் இருட்டறைக்குள் போய்விட்டார்.

சகாயம்மாள் மாலையைக் கழற்றினாள். ஈரத்துணியால் கண்ணாடியில் இருந்த பொட்டைத் துடைத்தாள். படத்தைச் சட்டத்திலிருந்து பிரித்து அஞ்சுகத்திடம் நீட்டினாள். அஞ்சுகம் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அப்போது அல்லி முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

“இருங்கம்மா. ஒரே ஒரு தடவ பாத்துட்டுத் தந்துர்றேன்.”

அஞ்சுகம் திட்டத்தான் வாயெடுத்தாள். அந்தப் பெண் பார்த்த பார்வையைக் கண்டதும் கை தானாக நீண்டது. படத்தைக் கொடுத்தாள். அல்லி பார்த்தாள். படத்தைப் பார்த்துவிட்டு அஞ்சுகத்தின் முகத்தைப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டுச் சகாயம்மாளிடம் வந்தாள்.

“அப்ப எங்கம்மா எங்கக்கா?”

சகாயம்மாள் அன்றைக்கு அடுப்பு பற்றவைக்கவில்லை. த வரிசைப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்தாள். தியாகராசன் சம்சாரம். தியாகராசன் சம்சாரம். மறுபடியும் தியாகராசன் சம்சாரம். எல்லாம் அவள் கையெழுத்து, அதே குண்டு எழுத்து. ஊர் இல்லை, தேதி இல்லை. பில் புத்தகமும் இல்லை. மற்ற பெட்டிகளையும் திறந்து பார்த்தாள். முத்தையன் சம்சாரம், சூசைமுத்து சம்சாரம், நெய்னா முகம்மது வீட்டார். இருபது வருஷமாக அவள் முன்னால் உட்கார்ந்து, அவள் சொன்னபடி முகவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் பேர் இல்லாமல் அங்கே கிடந்தார்கள். அ வரிசையில் ஒரு உறையைப் பிரித்து, நெகட்டிவில் இருந்த மாதாகோயில் முக்காட்டைப் பார்த்ததும்தான் அவளுக்கு விளங்கியது. தன் கல்யாணப் படம். உறைமேல் ‘அற்புதராஜ் சம்சாரம்’. எழுதினதும் அவளேதான். “அட மாதாவே” என்று சுவரில் சாய்ந்துவிட்டாள். தன் கையாலேயே தன்னையும் அல்லவா தொலைத்து வைத்திருக்கிறாள்!

மறுநாளிலிருந்து கவுண்டரில் வழக்கம் மாறியது. “அவங்க பேரு என்னங்க?”

“என் பேருதான் சொன்னனே. என் சம்சாரம்னு போடுங்க.”

“சம்சாரத்துக்குப் பேரு வைக்காமயா வளத்தாங்க? பேரு சொன்னாத்தான் படம்.”

சிலர் முறைத்துக்கொண்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அற்புதராஜ் முணுமுணுத்தார். சகாயம்மாள் காதில் வாங்கவில்லை. பேர், ஊர், வருஷம், என்ன விசேஷம் என்று ஒவ்வொரு உறையிலும் எழுதினாள், ஒன்றின் தலைப்பு இன்னொன்றுக்கு வராதபடி. ஆனால் இனிமேல் எழுதுவது அல்லிக்கு எதற்கு உதவும்?

அல்லியின் அம்மாவை அடையாளம் காட்ட ஒரே ஒரு வழி இருந்தது: இடது கன்னத்துத் தழும்பு. அந்தத் தழும்பைத்தான் சகாயம்மாள் பென்சிலால் மூடிவிட்டாளே! யோசித்து யோசித்துத் தலை கனத்துப் போன பிறகுதான் உறைத்தது. நெகட்டிவின்மேல் வைத்த பென்சில்தானே? வைத்ததை எடுக்க முடியாதா?

பஞ்சை டர்பன்டைனில் நனைத்து, தியாகராசன் சம்சாரங்களை ஒவ்வொருத்தியாக வெளிச்சத்தில் வைத்துத் துடைத்தாள். பார்த்துப் பார்த்துச் செய்த வேலையைத் தானே அழிப்பது அவளுக்குத் தன் தோலை உரிப்பது மாதிரி இருந்தது. ஒருத்திக்கு மூக்கின் பக்கத்தில் மரு வந்தது. இன்னொருத்திக்கு நெற்றியில் ஒரு தழும்பு, யாரோ அடித்ததா விழுந்ததா தெரியவில்லை. அதையும் ஒருநாள் ஒன்றும் கேட்காமல் மூடியிருக்கிறாள். அப்புறம் ஒரு நெகட்டிவில் பஞ்சு கருகருவென்று அழுக்கானது. துடைக்கத் துடைக்கப் பென்சில் வந்துகொண்டே இருந்தது. துடைத்து முடித்தபோது இடது கன்னம் முழுக்க வெளிச்சப் புள்ளிகள்.

இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டு அதைப் பிரிண்ட் போட்டாள். தட்டில் மருந்துக்குள் காகிதம் மிதந்தது. முதலில் கூந்தல் வந்தது, பிறகு புருவம், பிறகு கண். சகாயம்மாள் “ஐயோ” என்று கத்தினதில் அற்புதராஜ் கதவைத் தட்டினார். தட்டில் கிடந்தது அல்லி. அகல விரிந்த அதே கண், ஒரு பக்கம் லேசாக ஏறின அதே உதடு. கன்னத் தழும்பு ஒன்றுதான் வித்தியாசம். ஒன்றரை வருஷத்துக்கு முன் அஞ்சுகத்தின் படத்தைக் கையில் கொடுத்து ‘அச்சு அசல் நீதான்’ என்று கூசாமல் சொன்ன வாயை அவள் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

ஆள் விட்டு அல்லியை வரவழைத்தாள். ஈரம் காய்ந்த பிரிண்டைக் கவுண்டரில் வைத்தாள். அந்தப் பெண் விழுந்து அழப்போகிறாள் என்று தண்ணீர்ச் சொம்பைக்கூடப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அல்லி பார்த்தாள். தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“இவங்கதானாக்கா?”

“இவங்கதான்மா. சத்தியமா இவங்கதான்.”

“தெரியுதுக்கா. கண்ணாடியில பாக்குற மாதிரிதான் இருக்கு. ஆனா எனக்கு அழுகையே வரலியே. அழ வேண்டியத எல்லாம் அந்தம்மா மொகத்தப் பாத்து அழுதுட்டேனே. இப்பவும் அம்மான்னு நெனச்சா அந்தம்மா மொகந்தான் வருது. இவங்க யாரோ மாதிரி இருக்காங்க.”

தவறான படம் கொடுத்தோம், சரியான படம் கொடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சகாயம்மாள் நினைத்திருந்தாள். ஒரு பெண்ணின் அழுகையைத் திருப்பிக் கொடுக்க எந்தப் பெட்டியைத் திறப்பது? புது உறை ஒன்றை எடுத்து நெகட்டிவை உள்ளே வைத்தாள். இந்த ஒன்றையாவது ஒழுங்காக எழுதிவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்தாள்.

“உங்கம்மா பேரு என்னம்மா?”

அல்லி கவுண்டர் விளிம்பை விரலால் தடவினாள். சகாயம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தெரியாதுக்கா.”

“என்னம்மா சொல்ற?”

“அப்பா ‘உங்கம்மா’ன்னுதான் சொல்லுவாரு. பேரு சொல்லி நான் கேட்டதே இல்ல. போன வாரம் தலத்தெருவுக்கே போயி வீடு வீடாக் கேட்டேன். தியாகராசன் பொண்டாட்டியா, தங்கமான பொண்ணு, எம் புள்ளைக்கு ஒருநாள் கஞ்சி வச்சுக் குடுத்தான்னு எல்லாம் சொல்றாங்க. பேரு மட்டும் ஒருத்தருக்கும் தெரியல.”

சகாயம்மாளின் கையில் பேனா அப்படியே நின்றது. எழுபது வாக்கில் அல்லியின் அம்மா இதே கடைக்கு வந்து, இவளுக்கு எதிரேதான் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். தழும்பைத் தலைமயிரால் மறைத்துக்கொண்டு, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சகாயம்மாள் கேட்டிருந்தால் தன் பேரை அவள் வாயாலேயே சொல்லியிருப்பாள்.